அச்சு அசல் சூரியன்? 18 ஸ்கார்ப்பி பற்றி

கேள்வி இது: "செய்திகளில் அடிக்கடி 'சூரியனைப் போன்ற நட்சத்திரம்' என்று படிக்கிறேன். நிஜமாகவே சூரியனை உரித்து வைத்த மாதிரி ஒரு நட்சத்திரம் இருக்கிறதா? இருந்தால் அதன் எடை, சூடு, வயதெல்லாம் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்கிறார்கள்?"

உரித்து வைத்த மாதிரி என்றால், இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அடையாளம் கண்டுபிடிக்கத் திணறும் அளவுக்கு நெருங்கி வருபவை சில உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 18 ஸ்கார்ப்பி. பிடித்ததற்கு முதல் காரணம், மற்ற இரட்டைகளைப் போல் பெரிய தொலைநோக்கிக்குள் மட்டும் ஒளிந்துகொண்டிருக்காமல், தெருவிளக்கு இல்லாத கிராமத்து வானத்தில் வெறும் கண்ணுக்கே இது தட்டுப்படும். இரண்டாவது காரணம், இதன் ஒவ்வோர் எண்ணையும் வெவ்வேறு வழியில் அளந்திருக்கிறார்கள். அதனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கும் இந்த ஒரே நட்சத்திரத்தை வைத்துப் பதில் சொல்லிவிடலாம்.

முதலில் அந்தச் செய்தித் தொடரைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்வோம். "சூரியனைப் போன்ற" என்பது ரொம்பத் தாராளமான சொல். நட்சத்திரங்களைச் சூட்டின் வரிசைப்படி எழுத்துகளால் வகை பிரிப்பார்கள். சூரியனைவிடச் சற்றே சூடான எஃப் வகையின் கடைசியில் இருப்பவை, ஜி வகை முழுவதும், கே வகையின் தொடக்கத்தில் இருப்பவை என்று எல்லாவற்றையும் அதில் அடைத்துவிடுவார்கள். நமக்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரி ஏ கூட அந்தக் கூட்டத்தில் சேரும். சூரியனும் அதுவும் ஒரே ஜி2 வகைதான். ஆனால் அதன் குறுக்களவு சூரியனைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் பெரிது, ஒளி ஒன்றரை மடங்கு. ஒரே சாதியில் பிறந்த சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம், இரட்டை என்று சொல்ல முடியாது. வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, வேதிச் சேர்மானம், எடை, ஒளி எல்லாமே சூரியனோடு மிக நெருங்கி ஒத்துப்போனால்தான் வானியலாளர்கள் அதைச் "சூரிய இரட்டை" என்று கூப்பிடுவார்கள்.

இந்த இரட்டையைத் தேடும் வேலை ஏதோ பொழுதுபோக்கில்லை. அதன் பின்னால் ஒரு வேடிக்கையான சங்கடம் இருக்கிறது. வானத்தில் நாம் மிக நன்றாக அறிந்த நட்சத்திரம் சூரியன். ஆனால் மற்ற நட்சத்திரங்களை அளக்கும் அதே கருவியால் சூரியனை அளக்க முடியாது, ஏனென்றால் அது அவ்வளவு பிரகாசம், அதோடு அது புள்ளியாகவும் இல்லை. ஊரில் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, வீட்டுப் பெரியவரை மட்டும் தராசில் ஏற்ற முடியாமல் தவிப்பது போன்ற நிலை. சூரியனின் நிறத்தை மற்ற நட்சத்திரங்களின் நிற அளவுகோலில் எங்கே வைப்பது என்பதிலேயே பல பத்தாண்டுகள் சண்டை ஓடியது. நீலத்துக்கும் மஞ்சள்–பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சொல்லும் ஓர் எண் உண்டு. சூரியனுக்கு அது 0.62 என்று சிலரும், 0.69-ஐ ஒட்டி என்று சிலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று ஏறக்குறைய 0.65 என்று நிற்கிறது. அந்த இடத்தில் அது நிலைபெற உதவியவையே சூரிய இரட்டைகள்தான்.

1978-இல் ஹார்டார்ப் என்பவர் சூரியனின் புற ஊதா நிறமாலையோடு ஒத்துப்போகும் நட்சத்திரங்களைத் தேடத் தொடங்கினார். பிறகு பிரான்ஸில் கெய்ரல் த ஸ்ட்ரோபெல் அம்மையார் இதையே ஒரு தவம் மாதிரி நடத்தினார். ஒவ்வொரு முறையும் ஒரு வேட்பாளர் வரும், நெருங்கிப் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் உதைக்கும். 1997-இல்தான் பிரேசில் நாட்டைச் சேர்ந்த போர்ட்டோ த மெல்லோ, த சில்வா இருவரும் விருச்சிக மண்டலத்தின் ஒரு மங்கல் நட்சத்திரத்தைக் காட்டி, இதுவரை கண்டதில் இதுவே மிக நெருக்கமானது என்று எழுதினார்கள். அதுதான் நம் 18 ஸ்கார்ப்பி. ஹென்றி டிரேப்பர் (HD) நட்சத்திரப் பட்டியலில் அதன் எண் 146233.

பெயரில் உள்ள 18, ஃப்ளாம்ஸ்டீட் எண் எனப்படுவது. இங்கிலாந்தின் ஜான் ஃப்ளாம்ஸ்டீட் தயாரித்த அட்டவணையை வைத்து, ஒவ்வொரு மண்டலத்திலும் மேற்கிலிருந்து கிழக்காக நட்சத்திரங்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். பெயரில் பெருமை ஒன்றும் இல்லை, ரேஷன் வரிசை டோக்கன் மாதிரிதான்.

சரி, எண்களுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை தூரம். பூமி சூரியனைச் சுற்றும்போது, நாம் பார்க்கும் இடம் ஆறு மாதத்தில் 30 கோடி கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதனால் பக்கத்து நட்சத்திரங்கள் பின்னால் உள்ளவற்றின் மீது துளி ஆடுவது போல் தெரியும். ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அருகிலுள்ள பனைமரம் நகர, தூரத்து மலை நிற்பது போல. 18 ஸ்கார்ப்பியின் இந்த ஆட்டத்தில் பாதி, ஏறத்தாழ 0.07 விகலை (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு, ஒரு விகலை). 29 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் சுண்டுவிரல் நக அகலத்தை, அதாவது ஒரு சென்டிமீட்டரை, இங்கிருந்து அளப்பதற்குச் சமம் அது. ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் முதலில் இதை நன்றாக அளந்தது. அதன் வாரிசான கையா இன்னும் துல்லியமாக அளந்தது. விடை 46 ஒளியாண்டு. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி 46 வருடத்துக்கு முன்பு புறப்பட்டது.

தூரம் கிடைத்துவிட்டால் ஒளியின் உண்மை அளவு தானாக வந்துவிடும். வானத்தில் அதன் பொலிவெண் 5.5. இந்த எண் கூடக்கூட மங்கல் என்று பொருள், வெறும் கண்ணின் எல்லை சுமார் 6. நம் சூரியனை அதே 46 ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தால் அதன் பொலிவெண் கிட்டத்தட்ட 5.6 என்று வரும். இதைப் படிக்கும் பலருக்கு இந்த இடம்தான் லேசாக உறைக்கும் என்று நினைக்கிறேன். நம்மைப் பொசுக்கும் இந்தச் சூரியன், அண்டை வீட்டுத் தூரத்திலிருந்து பார்த்தாலே நகரத்து வானில் தெரியாமல் போகும் ஒரு புள்ளி. இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசத்திலிருந்து, 18 ஸ்கார்ப்பி சூரியனைவிட 5 முதல் 7 விழுக்காடு அதிக ஒளி தருகிறது என்று கணக்காகிறது.

அடுத்தது அளவு. நட்சத்திரங்கள் எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் புள்ளிதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரே தொலைநோக்கியில் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று குறுக்கிட வைத்தால், அவற்றுக்கிடையே உள்ள தூரத்தின் அளவுக்கே ஒரு மாபெரும் தொலைநோக்கி வைத்திருப்பது போன்ற கூர்மை கிடைக்கும். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலைமேல் இருக்கும் காரா என்ற தொகுதியில் ஆறு தொலைநோக்கிகள், 330 மீட்டர் வரை இடைவெளி. 18 ஸ்கார்ப்பியின் குறுக்களவை அங்கேதான் அளந்தார்கள், 2011-இல் வெளியானது. வந்த கோணம் 0.676 மில்லி விகலை. இரண்டரை சென்டிமீட்டர் நாணயம் ஒன்றை 7,600 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அது எந்தக் கோணத்தில் தெரியுமோ அந்தக் கோணம். சென்னையில் கிடக்கும் நாணயத்தை ஐரோப்பாவின் நடுவிலிருந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோணத்தைத் தூரத்தால் பெருக்கினால் உண்மை அளவு. அன்று கையில் இருந்த ஹிப்பார்கோஸ் தூரத்தை வைத்து, ஆரம் சூரியனைப் போல் 1.010 மடங்கு என்று சொன்னார்கள். பிறகு கையா தூரத்தைச் சற்றே கூட்டியது. அதே கோணத்தை நான் புதிய தூரத்தால் பெருக்கிப் பார்த்தால் 1.03 பக்கம் வருகிறது. அதாவது சூரியனைவிட ஒன்றிலிருந்து மூன்று விழுக்காடு பெரிது. இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஆரம் என்று மூன்று தசம இடம் வரை போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்த எண்ணுக்கு அடியில் ஒரு தூரம் இருக்கிறது, தூரம் அசைந்தால் அதுவும் அசையும்.

எடைதான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி. ஜோடி நட்சத்திரமாக இருந்தால் ஒன்றையொன்று சுற்றும் வேகத்தை வைத்து எடை போட்டுவிடலாம். 18 ஸ்கார்ப்பி தனிக்கட்டை, அந்த வழி அடைபட்டது. பிறகு எப்படி? தட்டிப் பார்த்து! குயவரிடம் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோமே, அதே வேலை. சூரியனின் உள்ளே கொதித்துப் புரளும் வாயுக்கள் ஓயாமல் ஒலி அலைகளை எழுப்புகின்றன. அதனால் அதன் மேற்பரப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மேலும் கீழும் மூச்சு விடுகிறது. 18 ஸ்கார்ப்பியும் அப்படித்தான். சிலியின் லா சில்லா மலையில் ஹார்ப்ஸ் என்ற நிறமாலைமானியை 12 இரவுகள் இதன் பக்கம் திருப்பி வைத்து, அந்த மூச்சைப் பிடித்தார்கள்.

இந்த அதிர்வுகள் ஒரே சுரத்தில் வருவதில்லை, வரிசையாகப் பல சுரங்கள். அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே உள்ள சீரான இடைவெளி, நட்சத்திரத்தின் சராசரி அடர்த்தியைச் சொல்லிவிடும். அடர்த்தி கூடினால் ஒலி அதன் வழியே விரைவாகப் போய்வரும், இடைவெளி விரியும். சூரியனுக்கு அந்த இடைவெளி 135 மைக்ரோஹெர்ட்ஸ் (அதிர்வெண்ணின் மிகச் சிறிய அலகு). 18 ஸ்கார்ப்பிக்கு 134.4. அடர்த்தி இந்த எண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே அதன் அடர்த்தி சூரியனைவிட ஒரு விழுக்காடு குறைவு. ஆரம் 1.010 என்றால் கனஅளவு 1.03 மடங்கு. அடர்த்தியைக் கனஅளவால் பெருக்குங்கள்: 1.02. அவ்வளவுதான், எடை வந்துவிட்டது! ஒரு காகிதத்தின் ஓரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த நாளில், 46 ஒளியாண்டுத் தூரத்துப் பொருளை ஏதோ பழக்கடையில் நிறுத்த மாதிரி இருந்தது எனக்கு. நிறமாலையை வைத்து வேறு வழியில் போனவர்களுக்கு 1.04 வரை வந்திருக்கிறது. ஆக, சூரியனைவிட இரண்டு முதல் நான்கு விழுக்காடு கனம்.

வெப்பநிலைக்கு நிறத்தைப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். தோராயமாகப் போதும். துல்லியம் வேண்டுமென்றால் இரும்பைக் கேட்க வேண்டும். நட்சத்திரத்தின் ஒளியை வானவில்லாக விரித்தால் அதில் ஆயிரக்கணக்கான கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும், அதில் இரும்பின் கோடுகளே நூற்றுக்கணக்கில். சில கோடுகள் சூடு ஏற ஏற மெலியும், சில அவ்வளவாக அசையாது. இரண்டு வகையையும் ஒப்பிட்டால் வெப்பநிலை விழும். இங்கேதான் இரட்டையாக இருப்பதன் பெரிய லாபம். சூரியனின் கோட்டையும் 18 ஸ்கார்ப்பியின் அதே கோட்டையும் ஒரே கருவியில் எடுத்து, கோட்டுக்குக் கோடு கழித்துப் பார்க்கிறார்கள். நம் கணக்கு மாதிரியில் உள்ள பிழை இரண்டுக்கும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போய்விடுகிறது. சூரியனை எப்படி அதே கருவியில் எடுப்பது என்று கேட்பீர்கள். சிறுகோள் மேல் பட்டுத் திரும்பும் வெயிலைப் பிடிப்பார்கள். வெஸ்டா, செரஸ் போன்ற சிறுகோள்கள் இந்த வேலைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. இந்த முறையில் வானியலாளர் மெலெண்டெஸின் குழுவினர் 2014-இல் சொன்ன வெப்பநிலை 5,823 கெல்வின், பிழை வெறும் 6 கெல்வின். சூரியன் 5,772. ஐம்பது கெல்வின் வித்தியாசம், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அதே கோடுகள் வேதிச் சேர்மானத்தையும் சொல்கின்றன. இரும்பு சூரியனைவிட 13 விழுக்காடு அதிகம். இதுவரை சொன்ன எல்லா எண்ணும் ஒன்றுக்கொன்று இணக்கமாகப் போகிறதல்லவா? சிறிது கனம், சிறிது பெரிது, சிறிது சூடு, சிறிது ஒளி. இனிதான் ஒரு முரண்டு வருகிறது: லித்தியம்.

18 ஸ்கார்ப்பியில் லித்தியம் சூரியனில் இருப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மற்ற எல்லாம் சிறு வித்தியாசத்தில் ஒத்துப்போகும்போது இது மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது? லித்தியம் ரொம்ப நோஞ்சான் தனிமம். 25 லட்சம் டிகிரியிலேயே அணுக்கரு வினையில் எரிந்து அழிந்துவிடும். மேற்பரப்பில் இருக்கும் வரை அதற்கு ஆபத்தில்லை. ஆனால் நட்சத்திரத்தின் வெளிப்பகுதி உலைநீர் போல் மேலும் கீழும் புரண்டுகொண்டே இருப்பதால், மேலே உள்ள சரக்கு உள்ளே போய்வரும். அந்தப் போக்குவரத்தில் சிறுகச் சிறுக லித்தியம் கரைகிறது. சூரியன் பிறந்தபோது இருந்த லித்தியம் எவ்வளவு என்று விண்கற்களில் பார்க்கிறோம். இன்று சூரியனின் மேற்பரப்பில் இருப்பது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்குதான்.

புதிர் என்னவென்றால், சூரியனில் அந்தப் புரளல் எட்டும் ஆழத்தில் வெப்பம் 25 லட்சம் டிகிரியைத் தொடுவதில்லை, சற்று முன்பே நின்றுவிடுகிறது. பாடப்புத்தக மாதிரிப்படி இவ்வளவு லித்தியம் அழிந்திருக்கவே கூடாது. ஏதோ ஒரு மெதுவான கலப்பு அதற்கும் கீழே நடக்கிறது. சூரியன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அது சூரியனின் தனிக்குணமா, எல்லாருக்கும் நடப்பதா என்றே தெரியாது. இரட்டைகளை வரிசையாக நிறுத்தியபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 2013-இல் மகர மண்டலத்தில், சுமார் 250 ஒளியாண்டு தூரத்தில், ஹிப் 102152 (ஹிப்பார்கோஸ் பட்டியல் எண்) என்ற கிழட்டு இரட்டையை ஆராய்ந்தார்கள். அதன் வயது 820 கோடி ஆண்டு, லித்தியம் சூரியனைவிடவும் குறைவு. இளையதில் அதிகம், நடுவயதுச் சூரியனில் குறைவு, முதியதில் இன்னும் குறைவு. வயது ஏற ஏற லித்தியம் கரைகிறது என்பது பட்டென்று தெரிந்தது.

அப்படியானால் 18 ஸ்கார்ப்பி சூரியனைவிட இளையது. இதை வேறு வழியில் சரிபார்க்க முடியுமா? முடியும், சுழற்சியைப் பார்க்கலாம். சூரியன் தன்னைத்தானே சுற்ற சராசரியாக 25.4 நாள் எடுக்கிறது. 18 ஸ்கார்ப்பிக்கு 22.7 நாள். நட்சத்திரங்கள் பம்பரம் போலத்தான், நாளாக நாளாகத் தளரும். அவற்றின் காந்தப்புலம் வெளியே வீசும் துகள் காற்றைப் பிடித்திழுத்து, சுழற்சிக்குப் பிரேக் போடுகிறது. 1972-இல் ஸ்குமானிச் கண்ட எளிய விதி ஒன்று உண்டு: சுழற்சி நாள் வயதின் இருமடி மூலத்துக்கு ஏற்பக் கூடும். 22.7-ஐ 25.4-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, சூரியனின் வயதான 457 கோடியால் பெருக்குங்கள். 365 கோடி ஆண்டு வரும். நிறமாலையிலிருந்து மெலெண்டெஸ் குழு போட்ட வயது 290 கோடி, பிழை இரு பக்கமும் சுமார் 100 கோடி. இரண்டும் கைகுலுக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் இவ்வளவு எண்களில் எனக்கு மிகக் குறைவாக நம்பிக்கை உள்ளது வயதின் மீதுதான். சூரியனின் வயதை நாம் சூரியனிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயேந்தே விண்கல் போன்றவற்றில் உள்ள கதிரியக்கத் தனிமங்களை எண்ணித்தான் தெரிந்துகொண்டோம். 18 ஸ்கார்ப்பியிலிருந்து கல் எதுவும் நம் கையில் விழவில்லை. நடுவயதில் இருக்கும் நட்சத்திரம் நூறு கோடி ஆண்டில் அவ்வளவு குறைவாக மாறுகிறது, வயதைக் காட்டும் அடையாளம் அதன் முகத்தில் ஏறுவதே இல்லை. மாதிரியில் சிறிது கை வைத்தால் சூரியனின் வயதுக்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். நான் இளையது என்ற பக்கம் சாய்கிறேன். காரணம், லித்தியமும் சுழற்சியும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சாட்சிகள், ஆனால் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

இன்னொரு சின்னக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. இப்படிப்பட்ட நட்சத்திரங்களின் ஒளி எடையின் நான்கு மடிக்கு ஏற்பக் கூடும். எடை 3 விழுக்காடு அதிகம் என்றால் ஒளி 12 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். ஆனால் அளந்தது 5 முதல் 7 தான். நட்சத்திரம் வயதாக ஆக மெல்லப் பிரகாசமாகும், சூரியன் பத்து கோடி ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு கூடிவருகிறது. எனவே வயதில் சில பத்து கோடி ஆண்டுகள் முதல் நூறு கோடி வரை குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். வெறும் முரட்டுக் கணக்குதான். அதிக இரும்பும் ஒளியைக் கொஞ்சம் குறைக்கும், அதை நான் சேர்க்கவில்லை.

புள்ளிகளும் உண்டு இதற்கு. சூரியனின் கரும்புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகி ஒடுங்குவது போல, 18 ஸ்கார்ப்பியிலும் ஒரு சுற்று ஓடுகிறது, ஆனால் ஏறத்தாழ 7 ஆண்டு. புள்ளிகள் நேரடியாகத் தெரியாது. காந்தச் செயல்பாடு கூடும்போது கால்சியத்தின் இரண்டு கோடுகளின் அடியில் ஒளி ஏறும், அதை வருடக்கணக்கில் குறித்துவைத்தால் அலை தெரியும். இதே மவுண்ட் வில்சனில் 1966-இல் ஓலின் வில்சன் தொடங்கிவைத்த வித்தை இது. 18 ஸ்கார்ப்பியைப் பொறுமையாகப் பார்த்துவந்தது அரிசோனாவின் லோவல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹால் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், 2007-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதில் எனக்குச் சுவையானது, ஒரு சுற்றில் அதன் மொத்த ஒளி மாறுவது 0.09 விழுக்காடு. சூரியன் 0.1 விழுக்காடு. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகளே அருகிப்போன காலம் ஒன்று இருந்தது. அந்த மாதிரி ஒடுக்கத்தில் ஒளி எவ்வளவு குறையும் என்று சூரியனை வைத்து நாம் இன்னும் அளந்ததில்லை. இரட்டைகளில் ஏதாவது ஒன்று அப்படி ஒடுங்கினால் நேரில் அளந்துவிடலாம் என்பதற்காகவே சிலர் தலைமுறை தாண்டி இவற்றைக் காவல் காக்கிறார்கள்.

சேர்மானத்தில் இன்னொரு விவகாரம் பாக்கி. 2009-இல் மெலெண்டெஸும் கூட்டாளிகளும் 11 இரட்டைகளைச் சூரியனோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசமாக நின்றது இரட்டைகள் இல்லை, சூரியன்தான்! இரும்பு, அலுமினியம் போன்று சீக்கிரம் ஆவியாகாமல் தூசியாகவும் பாறையாகவும் உறையும் தனிமங்கள், எளிதில் ஆவியாகும் தனிமங்களோடு பார்க்கும்போது சூரியனில் சுமார் 20 விழுக்காடு குறைவு. அந்தச் சரக்கு எங்கே போயிற்று? புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், சிறுகோள்கள் என்று பாறையாகிப் போய்விட்டது, அதனால் சூரியனில் விழவில்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பூமியைப் போல் நான்கு மடங்கு பாறையைச் சூரியனின் வெளிப்பகுதியில் கரைத்தால் குறை தீர்ந்துவிடும் என்று பின்னால் ஒருவர் கணக்கும் போட்டார். 18 ஸ்கார்ப்பியில் அந்தக் குறை இல்லை. ஆகவே அங்கே பாறைக் கோள் கிடையாது என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். பால்வீதியில் பிறந்த இடமும் காலமும் மாறினாலே தனிமங்களின் விகிதம் மாறும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அந்த விளக்கத்துக்கும் வலு இருக்கிறது.

கோள்களைப் பற்றிச் சுருக்கமாக. நட்சத்திரத்தை ஒட்டி வியாழன் அளவில் ஏதாவது சுற்றினால், அது நட்சத்திரத்தை இழுத்து ஆட்டுவது இத்தனை வருடக் கண்காணிப்பில் தெரிந்திருக்கும். அப்படிப் பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. பூமியைப் போன்ற ஒன்று அங்கே இருந்தால், நம் அளவு வெயில் வாங்க அது சுமார் 15.4 கோடி கிலோமீட்டரில் சுற்ற வேண்டும். நாம் சுற்றுவது 15 கோடியில். வேற்றுலக உயிர்களின் வானொலிச் சமிக்ஞைகளைத் தேடுபவர்களுக்காக 2006-இல் மார்கரெட் டர்ன்புல் ஐந்து நட்சத்திரங்களைப் பரிந்துரைத்தார். அதில் 18 ஸ்கார்ப்பியும் ஒன்று.

இரட்டைப் பட்டம் இப்போதும் இதனிடம் இருக்கிறதா என்றால், முழுதாக இல்லை. 2007-இல் டிராகோ மண்டலத்தில் ஹிப் 56948 என்று ஒன்று கிடைத்தது. லித்தியத்திலும் சூரியனை ஒத்தது, வெப்பநிலையில் இன்னும் நெருக்கம். துல்லியம் மட்டும்தான் வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாது. காரா போன்ற கருவியால் நேரே அளவெடுக்க முடிகிற தூரத்தில், வீட்டு மாடியிலிருந்தும் பார்க்கிற பொலிவில் இருப்பது 18 ஸ்கார்ப்பிதான்.

அப்புறம், எங்கே பார்ப்பது? ஜூன் கடைசியில் இரவு பத்து மணி, ஜூலை கடைசியில் எட்டு மணி வாக்கில், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்த்தால் அது தெற்கே, உச்சியை ஒட்டி நிற்கும். பெயர் விருச்சிகம் என்றாலும் தேளின் உடம்பில் தேடாதீர்கள். சிவந்த கேட்டை, அதற்கு மேற்கே அனுஷத்தின் மூன்று மீன்கள், அங்கிருந்து, நீட்டிய கையின் ஒரு முட்டியளவுக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே போக வேண்டும். மண்டலத்தின் வட எல்லையை ஒட்டி, பக்கத்து ஒஃபியூக்கஸ் வீட்டு வேலியோரம் இருக்கிறது. இன்னும் எளிய வழி, ஒஃபியூக்கஸில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு நட்சத்திரங்களைப் பிடிப்பது. யெட் பிரயார், யெட் போஸ்டீரியர் என்று பெயர், ஒன்றரை டிகிரிதான் இடைவெளி. அவற்றிலிருந்து நேர் தெற்கே நான்கு டிகிரி இறங்கினால் போதும். சாதாரண பைனாகுலரில் அந்த ஜோடியும் 18 ஸ்கார்ப்பியும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். சந்தேகமிருந்தால் கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் செயலியைத் திறந்து HD 146233 என்று தேடிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். சூரியனும் காற்று மண்டலத்துக்கு மேலே போய்ப் பார்த்தால் வெள்ளைதான்.

அங்கே யாராவது இருந்து நம் பக்கம் திரும்பினால், சூரியன் அவர்களுக்கு எதிர்த்திசையில், ரிஷப மண்டலத்தில் தெரியும். நாம் மியூ டாரி என்று அழைக்கும் நட்சத்திரத்துக்கு அரை டிகிரி தள்ளி, அதைவிட மங்கலாக. ரோகிணி நமக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குப் பொலிவில் பக்கத்தில் நிற்கும்.